ஸ்டீராய்டு மாத்திரை: மருந்துக் கவுண்டரில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மூட்டு, தோல், நுரையீரல் நோயாளிகள் அதிகம் வரும் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் பதினைந்து வருடமாக வேலை பார்க்கிறேன். சீட்டில் பிரெட்னிசோலோன் இருந்தால், பணம் கட்டி முடித்த பிறகு, பின்னால் நிற்பவருக்குக் கேட்காத குரலில் ஒரு கேள்வி வரும்: "இது அந்த ஸ்டீராய்டா?" பயந்துபோய் மாத்திரையைப் பிரிக்காமலே வைத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மாதம் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் ஏதோ சொன்னார்கள் என்று ஒரே நாளில் நிறுத்தியவர்களை அதைவிட அதிகம் பார்த்திருக்கிறேன். இரண்டாவது ரகத்தை நினைத்தால்தான் எனக்கு அதிகக் கவலை.

டாக்டரிடம் கேட்கத் தயங்கி என்னிடம் கேட்டவற்றை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். உங்கள் அளவைக் கூட்டவோ குறைக்கவோ இதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள உதவினால் போதும்.

"ஸ்டீராய்டுன்னா ஜிம்முல பசங்க போடுறதுதானே? எனக்கு எதுக்கு அது?"

அது வேறு, இது வேறு. ஜிம்மில் தவறாகப் பயன்படுத்துவது அனபாலிக் ஸ்டீராய்டு. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோன் வகையைச் சேர்ந்தது, தசையைப் பெருக்கும். உங்களுக்கு எழுதியிருப்பது கார்ட்டிகோஸ்டீராய்டு. இது அழற்சியை அடக்கும். தசையைப் பெருக்குவதற்குப் பதிலாக, அதிக அளவில் நீண்ட நாள் போட்டால் தொடைத் தசையை மெலியவே வைக்கும். இரண்டுக்கும் மூலக்கூறின் அடிப்படை அமைப்பு ஒன்று என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது.

பிரெட்னிசோலோன், மெத்தில்பிரெட்னிசோலோன், டெஃப்லாசகார்ட், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ஹைட்ரோகார்ட்டிசோன் ஆகிய பெயர்களில் ஒன்று அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருந்தால் அது இந்தக் குடும்பம்தான். முன்பக்கம் பெரிதாக இருக்கும் கம்பெனிப் பெயரை மட்டும் பார்த்தால் தெரியாது.

"நம்ம உடம்புலயே இது ஊறுதுன்னு சொல்றாங்களே, அப்புறம் எதுக்கு மாத்திரை?"

உண்மைதான். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் தினமும் கார்ட்டிசால் சுரக்கின்றன. அது இல்லாமல் உயிர் வாழ முடியாது. ஒரு நாளைக்கு உடம்பு தயாரிப்பது ஏறக்குறைய 4 முதல் 6 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமம். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முடக்குவாதம், லூபஸ் போன்ற நோய்களில் நோய் எதிர்ப்பு அணு சொந்த உடம்பையே தாக்குகிறது. அந்தத் தாக்குதலை நிறுத்த உடம்பின் வழக்கமான சுரப்பு போதாது. மாத்திரையாகப் போகும் ஸ்டீராய்டு செல்லுக்குள் நுழைந்து, அதற்கென்றே இருக்கும் ஏற்பியைப் பிடித்துக்கொண்டு, செல்லின் கருவுக்குள் போகிறது. அழற்சியைத் தூண்டும் மரபணுக்களை அங்கே தூங்க வைக்கிறது, அடக்கும் மரபணுக்களைத் தட்டி எழுப்புகிறது. இந்த வேலைக்குச் சில மணி நேரம் ஆகும். "வீசிங்குக்கு ஊசி போட்டும் உடனே மூச்சு விட முடியலையே" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். உடனே மூச்சுக்குழாயை விரிப்பது நெபுலைசரில் வரும் வேறு மருந்து. ஸ்டீராய்டு அதன் பின்னால் வந்து வீக்கத்தைக் குறைக்கிறது.

"இதை யார் கண்டுபிடிச்சாங்க? சும்மா எல்லா வலிக்கும் எழுதிடுறாங்களோன்னு தோணுது."

கதை அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில், மேயோ கிளினிக்கில் தொடங்குகிறது. ஃபிலிப் ஹென்ச் என்ற மூட்டு மருத்துவர் 1929இல் ஒன்றைக் கவனித்தார். முடக்குவாதம் வந்த ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்தபோது மூட்டு வலி இறங்கியது. கர்ப்பமான பெண்களுக்கும் அப்படியே நடந்தது. உடம்பே ஏதோ ஒரு பொருளைச் சுரந்து இந்த நோயை அடக்குகிறது, அது என்ன என்பதுதான் அவர் பல வருடம் சுமந்துகொண்டிருந்த கேள்வி. அதே இடத்தில் எட்வர்ட் கெண்டல் என்ற வேதியியலாளர் மாட்டின் அட்ரீனல் சுரப்பியிலிருந்து பொருள்களைப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தார். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் டாடியுஸ் ரைக்ஸ்டைனும் அதே வேலையில் இருந்தார்.

1948 செப்டம்பர் 21 அன்று, 29 வயதுப் பெண் ஒருவருக்கு அந்தப் பொருள்களில் ஒன்றை ஊசியாகப் போட்டார்கள். படுக்கையில் திரும்பிப் படுக்கவே சிரமப்பட்டவர் அவர். சில நாட்களில் எழுந்து நடந்தார். ஒரு வாரத்தில் கடைத்தெருவுக்குப் போய்வந்தார். பின்னாளில் கார்ட்டிசோன் என்று பெயர் பெற்றது அதுதான். 1950இல் மூவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பெண்ணுக்குத் தினமும் போட்ட 100 மில்லிகிராம், இன்றைய கணக்கில் பிரெட்னிசோலோன் 20 மில்லிகிராமுக்குச் சமம்.

அந்த ஆரம்பகால நோயாளிகளிடமே மீதிக் கதையும் தெரிந்துவிட்டது. முகம் உப்பியது, மனநிலை மாறியது, மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பியது. அப்புறம் வந்த எழுபத்தைந்து வருட ஆராய்ச்சியில் பெரும்பகுதி, இந்த மருந்து வேலை செய்யுமா என்பதைப் பற்றியதே இல்லை. எவ்வளவு குறைவாக, எவ்வளவு குறைந்த நாட்கள் கொடுத்தால் போதும் என்பதைப் பற்றியது. நீங்கள் கேட்ட "சும்மா எழுதிடுறாங்களோ" என்ற சந்தேகத்தை ஆராய்ச்சியாளர்களும் விடாமல் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

"வீக்கம்னா ஸ்டீராய்டு கொடுத்தா சரியாயிடும்தானே?"

அப்படி நம்பித்தான் தலையில் அடிபட்டவர்களுக்குப் பல பத்தாண்டுகள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மூளை வீங்குகிறது, ஸ்டீராய்டு வீக்கத்தைக் குறைக்கும், ஆகவே கொடுக்கலாம் என்ற கணக்கு கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. 'கிராஷ்' என்ற சர்வதேச ஆய்வு அதைச் சோதித்துப் பார்த்தது. தலைக்காயத்தோடு வந்த 10,008 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு மெத்தில்பிரெட்னிசோலோனும் மறு பாதிக்கு மருந்தில்லாத திரவமும் ஏற்றினார்கள். இரண்டு வாரத்தில் இறந்தவர்கள் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 சதவீதம், பெறாதவர்களில் 17.9 சதவீதம். இருபதாயிரம் பேரைச் சேர்க்கத் திட்டமிட்டிருந்த ஆய்வைப் பாதியில் நிறுத்தி, 2004இல் முடிவை வெளியிட்டார்கள்.

எனக்கு இந்த ஆய்வை எப்போது நினைத்தாலும் மனம் கனக்கும். நல்ல எண்ணத்தோடு கொடுத்த மருந்து அது. குலுக்கல் போட்டு எண்ணிப் பார்க்கும்வரை அது உயிரை எடுக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

"கொரோனாவுல ஸ்டீராய்டுதான் காப்பாத்துச்சுங்கறாங்க, அதுதான் கண்ணைப் பறிச்சுச்சுன்னும் சொல்றாங்க. எது நிஜம்?"

இரண்டுமே நடந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஹார்பி, மார்ட்டின் லேண்ட்ரே தலைமையில் பிரிட்டன் மருத்துவமனைகளில் 'ரெகவரி' ஆய்வு நடந்தது. 2,104 பேருக்கு டெக்ஸாமெத்தசோன் தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். 4,321 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 2020 ஜூன் 16 அன்று முடிவு வந்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாளில் இறந்தவர்கள் 41.4 சதவீதத்திலிருந்து 29.3 சதவீதமாகக் குறைந்தார்கள். ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் 26.2 சதவீதம் 23.3 ஆனது. உலகம் முழுவதும் கிடைக்கிற, சில ரூபாய் விலையுள்ள ஒரு பழைய மருந்து அதைச் செய்தது.

அதே ஆய்வில் மூன்றாவது வரிசை ஒன்று உண்டு. அதைத்தான் பலரும் படிக்கவில்லை. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களில் டெக்ஸா பெற்றவர்கள் 17.8 சதவீதம் இறந்தார்கள், பெறாதவர்கள் 14.0 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்றாலும், நன்மை என்று ஒன்றும் இல்லை என்பது தெளிவு. காரணமும் புரிகிறது. முதல் நாட்களில் வைரஸை எதிர்க்க நோய் எதிர்ப்பு சக்தி வேண்டும். அப்புறம் அந்த எதிர்ப்பே எல்லை மீறி நுரையீரலைக் கெடுக்கும்போதுதான் அதை அடக்க வேண்டும்.

2021 கோடையில் நம் ஊரில் காய்ச்சல் வந்த முதல் நாளே வாட்ஸ்அப்பில் வந்த சீட்டை நீட்டி டெக்ஸா கேட்டார்கள். மறுத்ததற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன். அந்த மே மாதம் கரும்பூஞ்சை நோயை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவிக்கும்படி மாநிலங்களை மத்திய அரசு கேட்டுக்கொண்டது. கட்டுப்படாத சர்க்கரையும் தேவைக்கு மேல் போன ஸ்டீராய்டும் அந்தப் பூஞ்சைக்கு வழி விட்ட முக்கியக் காரணங்கள். கண்ணை இழந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த மருந்து தேவையே இல்லாமல் இருந்திருக்கும் என்று இன்னும் யோசிக்கிறேன்.

"வெறும் அரை எம்.ஜி., நாலு எம்.ஜி. தானே, சின்ன டோஸ்தானே?"

எந்த ஸ்டீராய்டு என்று பார்க்காமல் எண்ணை மட்டும் பார்ப்பது தப்பு. பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராம் செய்கிற வேலையை ஹைட்ரோகார்ட்டிசோன் 20, மெத்தில்பிரெட்னிசோலோன் 4, டெக்ஸாமெத்தசோன் வெறும் 0.75 மில்லிகிராமில் செய்யும். அதாவது டெக்ஸா 4 மில்லிகிராம் என்பது பிரெட்னிசோலோன் 25க்கு மேல். உடம்பு ஒரு நாளில் தயாரிப்பதைப் போல ஐந்தாறு மடங்கு.

"அஞ்சு நாள்தானே, அதுக்குள்ள ஒண்ணும் ஆயிடாதே?"

பெரும்பாலோருக்கு ஆகாது. தேவைப்படும் இடத்தில் ஐந்து நாள் என்பது நல்ல கண்டுபிடிப்பு. புகைபிடிப்பவர்களுக்கு அதிகம் வரும் சி.ஓ.பி.டி. நுரையீரல் நோய் திடீரென்று முற்றும்போது முன்பெல்லாம் இரண்டு வாரம் கொடுத்தார்கள். சுவிட்சர்லாந்தில் நடந்து 2013இல் வெளியான 'ரெட்யூஸ்' ஆய்வு, தினம் 40 மில்லிகிராமை 5 நாள் கொடுத்தாலும் 14 நாள் கொடுத்தாலும் பலன் ஒன்றுதான் என்று காட்டியது. ஆறு மாதத்தில் நோய் மறுபடி முற்றியவர்கள் 35.9 சதவீதம், 36.8 சதவீதம். ஒன்பது நாள் மருந்து மிச்சம்.

ஆனால் சளி, முதுகுவலி, அரிப்பு என்று எதற்கெடுத்தாலும் ஐந்து நாள் போடுவது வேறு விஷயம். அமெரிக்காவில் 64 வயது வரையுள்ள 15 லட்சம் பேரின் காப்பீட்டுப் பதிவுகளைப் பார்த்த ஆய்வு 2017இல் வந்தது. மூன்று வருடத்தில் ஐந்தில் ஒருவர் இப்படிக் குறுகிய காலம் ஸ்டீராய்டு போட்டிருந்தார். போட்ட முதல் மாதத்தில் ரத்தத்தில் கிருமி பரவுவது ஐந்து மடங்கும், ரத்த உறைவு மூன்று மடங்குக்கு மேலும், எலும்பு முறிவு இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவாகவும் கூடியது. ஒரு தனி மனிதருக்கு இந்த ஆபத்து இன்னும் சிறியதுதான். லட்சக்கணக்கானோர் தேவையில்லாமல் போடும்போது அது சிறியதாக இருப்பதில்லை.

"முகம் பன் மாதிரி ஆயிடுமாமே, அப்படியே நின்னுடுமா?"

நிற்காது. அளவு குறையக் குறைய, சில மாதங்களில் வற்றிவிடும். பத்தொன்பது வயது லூபஸ் நோயாளி ஒருத்தி துப்பட்டாவைக் கன்னம் வரை இழுத்துச் சுற்றிக்கொண்டு வருவாள். காலேஜில் போட்டோ எடுக்கும்போது ஓரமாகப் போய்விடுவேன் என்று சொன்னாள். எட்டு மாதம் கழித்து 5 மில்லிகிராமில் இருந்தபோது துப்பட்டா தோளில் இருந்தது. முக உப்பல் ஆபத்தில்லை என்று சொல்லித் தள்ளிவிடக் கூடாது. மருந்தை யாருக்கும் சொல்லாமல் நிறுத்துவதற்கு என் கவுண்டரில் நான் கேட்ட முதல் காரணம் இதுதான். மனதுக்கு வலித்தால் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சீக்கிரம் குறைக்க வேறு மருந்து சேர்க்க வழி உண்டு.

பசி கூடும். தூக்கம் குறையும். சிலருக்குக் காரணமில்லாத எரிச்சலோ அழுகையோ வரும். அது உங்கள் குணம் மாறியதால் வருவதில்லை, மருந்து செய்வது. வீட்டில் இருப்பவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

"எலும்பு தேஞ்சுடும்னு பயமா இருக்கு."

இந்தப் பயத்தில் நியாயம் உண்டு. எலும்பு முறியும் ஆபத்து முதல் மூன்று முதல் ஆறு மாதத்திலேயே கூடிவிடுகிறது. அதனால் மாத்திரை மூன்று மாதத்துக்கு மேல் போகும் என்று தெரிந்தால், தொடக்கத்திலேயே கால்சியம், வைட்டமின் டி, எலும்பு அடர்த்தி ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். வயதானவர்களுக்கும் முன்பே எலும்பு முறிந்தவர்களுக்கும் எலும்பைக் காக்கும் தனி மருந்தும் தேவைப்படலாம். சீட்டில் ஸ்டீராய்டுக்குக் கீழே இருக்கும் கால்சியத்தை "அது சத்து மாத்திரைதானே, வேண்டாம்" என்று அடித்துவிட்டு வாங்கிப்போகிறவர்கள் பலர். தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள். இடுப்பு மூட்டில் விடாத வலி வந்தால் மூட்டு நோய்தான் என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். தொடை எலும்பின் தலைப் பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம், காட்டிவிடுங்கள். கண்புரை, கண் அழுத்தம் இரண்டுக்கும் வருடம் ஒருமுறை கண் பரிசோதனை.

"எனக்கு சுகர் இருக்கு. காலையில வெறும் வயித்துல பார்த்தா நார்மலாத்தான் இருக்கு."

அதுதான் ஏமாற்றும். காலையில் போட்ட பிரெட்னிசோலோன் மதியத்திலிருந்து மாலை வரைதான் சர்க்கரையை அதிகம் ஏற்றும். மறுநாள் காலைக்குள் இறங்கிவிடும். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தோ, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்போ பாருங்கள். சுகர் இல்லாதவர்களும் அதிக அளவில் தொடங்கும்போது இப்படி ஓரிரு முறை பார்ப்பது நல்லது.

"காலையிலதான் போடணுமா? ராத்திரி மறந்து போட்டுட்டேன்."

ஒரு நாள் மாறினால் ஆபத்தில்லை, தூக்கம்தான் கெடும். கார்ட்டிசால் இயல்பாக அதிகாலையில்தான் உச்சத்தில் இருக்கும். அதோடு ஒத்துப்போகக் காலையில், சாப்பிட்டபின்.

"வலி சுத்தமா போயிடுச்சு. நானே நிறுத்திட்டேன், தப்பா?"

எத்தனை நாள் போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. மூன்று நான்கு வாரத்துக்குள் என்றால் பொதுவாக உடம்பு சமாளித்துக்கொள்ளும். அதற்கு மேல் போட்டிருந்தால், தப்புதான்.

வெளியிலிருந்து தினமும் ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால், மூளை அட்ரீனலுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். வேலை இல்லாத சுரப்பி சுருங்கும். முன்னால் சொன்ன 4 முதல் 6 மில்லிகிராம் நினைவிருக்கிறதா? திடீரென்று மாத்திரை நின்றால் அந்த அடிப்படை அளவுகூட உடம்பில் இருக்காது. முதலில் சோர்வு, பசியின்மை, உடம்புவலி. அந்த நேரத்தில் ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ விபத்தோ வந்தால் வாந்தி, வயிற்றுவலி, பிபி சரிவு, மயக்கம். உயிரே போகலாம். கார்ட்டிசோன் வந்த சில வருடங்களிலேயே, 1952இல், மருந்தை நிறுத்திவிட்டு அறுவை சிகிச்சைக்குப் போன நோயாளி இறந்ததை மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள்.

அறுபது வயது அம்மா ஒருவர். நான்கு மாதம் 10 மில்லிகிராமில் இருந்தவர். ஊருக்குத் திருவிழாவுக்குப் போகும்போது மாத்திரையை எடுத்துப்போகவில்லை. "ஒரு வாரம்தானே சாமி, வலியும் இல்ல." ஐந்தாம் நாள் வாந்தி. உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள், பிபி ஏறவே இல்லை. அவர் மகன் பையைத் துழாவியதில் பழைய மருந்துச் சீட்டு கிடைத்தது, அதைப் பார்த்த டியூட்டி டாக்டர் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டார். ஒரு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார். அந்தச் சீட்டு வீட்டில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் மகன் என் கவுண்டரில் நின்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"அப்ப ஏன் குறைக்கும்போதும் உடம்பெல்லாம் வலிக்குது? நோய் திரும்பிடுச்சா?"

இரண்டாகவும் இருக்கலாம். அளவு குறையும்போது சில நாள் உடம்புவலியும் அசதியும் வருவது சகஜம். அது பெரும்பாலும் தானே அடங்கும். மூட்டு வீங்கிச் சூடாகி, காலையில் ஒரு மணி நேரம் விறைப்பு என்றால் நோய் எட்டிப் பார்க்கிறது. 5 மில்லிகிராமுக்குக் கீழே போகும்போது இன்னும் மெதுவாகக் குறைப்பது, சுரப்பி விழித்துக்கொள்ள நேரம் கொடுக்கத்தான். சிலருக்கு அது முழுதாக விழிக்க மாதக்கணக்கில், ஒரு வருடம்கூட, ஆகும்.

முழுதாக நிறுத்தவே முடியாதோ என்று மனம் தளர வேண்டாம். முடக்குவாதத்துக்கு வேறு மருந்தோடு ஸ்டீராய்டும் போட்டு நோய் அடங்கியிருந்த 259 பேரை வைத்து 'செமிரா' என்ற ஆய்வு நடந்தது, 2020இல் வெளியானது. 5 மில்லிகிராமைத் தொடர்ந்தவர்களில் 77 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியே இருந்தது. 16 வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களிலும் 65 சதவீதம் பேர் தாக்குப்பிடித்தார்கள். மூன்றில் இரண்டு பேர்.

"தினம் 5 எம்.ஜி. வருஷக்கணக்கா போடறேன். அது பரவாயில்லையா?"

மருத்துவர்களே இன்னும் வாதிடும் கேள்வி இது. முடக்குவாதம் உள்ள, 65 வயதைத் தாண்டிய 451 பேருக்கு இரண்டு வருடம் 5 மில்லிகிராமோ மருந்தில்லாத மாத்திரையோ கொடுத்த 'குளோரியா' ஆய்வு 2022இல் வந்தது. மாத்திரை போட்டவர்களுக்கு வலி குறைந்தது, மூட்டுச் சேதமும் குறைந்தது. கவனிக்க வேண்டிய பக்கவிளைவு ஒன்றாவது வந்தவர்கள் 60 சதவீதம், மருந்தில்லாதவர்களில் 49. கூடுதலாக வந்தவற்றில் பெரும்பாலானவை கடுமையில்லாத தொற்றுகள். என் கருத்தைக் கேட்டால், வேறு மருந்தால் முடியாத ஒரு முதியவருக்கு இது நியாயமான பேரம். முப்பது வயதுக்காரருக்கு, முன்னால் நாற்பது வருடம் இருக்கும்போது, நிறுத்த வழி தேடிக்கொண்டே இருக்க வேண்டும்.

"பிள்ளைக்கு நெஃப்ரோடிக். எத்தனை மாசம் கொடுக்கறாங்களோ அத்தனை நல்லதுன்னு ஒருத்தர் சொன்னார்."

முன்பு அப்படித்தான் நினைத்தார்கள். சிறுநீரில் புரதம் கொட்டி முகமும் காலும் வீங்கும் இந்த நோய்க்கு முதல் முறை நீண்ட நாள் கொடுத்தால் திரும்ப வராது என்ற நம்பிக்கை இருந்தது. பிரிட்டனில் 237 குழந்தைகளை வைத்து நடந்து 2019இல் வெளியான 'பிரெட்னோஸ்' ஆய்வில், 8 வாரம் கொடுத்தவர்களுக்கும் 16 வாரம் கொடுத்தவர்களுக்கும் நோய் திரும்புவதில் வித்தியாசமில்லை. சளி பிடிக்கும்போதெல்லாம் ஆறு நாள் சிறிய அளவு கொடுத்தால் தடுக்கலாமா என்று 365 குழந்தைகளிடம் அடுத்த ஆய்வு பார்த்தது. 2022இல் வந்த பதில்: தடுக்கவில்லை. உங்கள் டாக்டர் எழுதிய வாரக் கணக்கை நீங்களாக நீட்ட வேண்டாம், சுருக்கவும் வேண்டாம்.

"இன்ஹேலர்லயும் ஸ்டீராய்டாம். குழந்தை வளர மாட்டான்னு பயம். பழகிடுமாமே?"

பழக்கமாகாது. மாத்திரை மில்லிகிராமில் வருகிறது, இன்ஹேலர் மைக்ரோகிராமில் வருகிறது. ஒரு மைக்ரோகிராம் என்பது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதுவும் நேராக நுரையீரலுக்குப் போகிறது. வளர்ச்சியையும் அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சிறு வயதில் பல வருடம் பியூடசோனைடு இன்ஹேலர் எடுத்த குழந்தைகள் வளர்ந்து ஆளானபின் உயரம் பார்த்ததில், எடுக்காதவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைவு. 2012இல் வந்த முடிவு. ஒரு விரல் அகலத்துக்கும் கொஞ்சம் குறைவு.

அதற்குப் பயந்து இன்ஹேலரை ஒதுக்கினால், வருடத்துக்கு நான்கு முறை வீசிங் முற்றி மாத்திரையாகவும் ஊசியாகவும் பல மடங்கு ஸ்டீராய்டு உள்ளே போகும். ஒவ்வொரு முறை இழுத்தபின்னும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள், நாக்கில் வெள்ளைப் பூஞ்சை வராது.

"முகம் வெளுக்க ஒரு க்ரீம் போட்டேன். நிறுத்தினா எரியுது, சிவக்குது. என்ன க்ரீம் அது?"

டியூபைக் கொண்டுவந்து காட்டுங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மோமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. முகத்தில் மாதக்கணக்கில் தேய்த்தால் தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிந்து, பருவும் முடியும் கூடும். நிறுத்தினால் எரிவதால் மறுபடி தேய்ப்பார்கள். தோல் மருத்துவர்கள் இதை ஸ்டீராய்டால் பாழான முகம் என்றே சொல்கிறார்கள். இந்தியாவின் பல மையங்களில் முகத் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரைப் பார்த்த ஆய்வு 2011இல் வந்தது. 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் 126 பேர் முகம் வெளுக்க வைக்கும் க்ரீமாகவோ பொது க்ரீமாகவோ நினைத்துத் தேய்த்தவர்கள். 2018இல் 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் அரசு சேர்த்தது. கறுப்பாகப் பிறந்த பெண்ணுக்கு நோய் இல்லை. நோயில்லாத தோலில் இந்த மருந்தைத் தேய்க்க வைப்பது எது என்று நாம் எல்லோரும்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

படர்தாமரைக்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீம்களைத் தேய்க்காதீர்கள். அரிப்பு இரண்டு நாளில் நிற்கும், பூஞ்சை உள்ளுக்குள் பரவும். அதே சமயம் எக்ஸிமாவுக்குத் தோல் மருத்துவர் எழுதிக் கொடுத்த க்ரீமைப் பயந்து பொட்டு வைப்பது போல வைத்தாலும் பயனில்லை. பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் கணு வரை நீளமாகப் பிதுக்கினால் அரை கிராம். அது, விரல்களையும் சேர்த்து, பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவுள்ள இடத்துக்குப் போதும்.

"நான் இங்கிலீஷ் மருந்தே போடறதில்ல. மூட்டுவலிக்கு ஒரு மூலிகைப் பொடி, மூணே நாள்ல கேட்டுச்சு."

மூன்றே நாளில் கேட்டால்தான் எனக்குப் பயம். 1948இல் அந்தப் பெண் எழுந்து நடந்ததும் அதே வேகத்தில்தான். மூலிகை என்று விற்ற மூட்டுவலி மாத்திரைகளில் லேபிளில் சொல்லாத டெக்ஸாமெத்தசோன் இருந்ததாக 2022இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. பெயரில்லாத பொட்டலத்தோடு, உப்பிய முகமும் மெலிந்த கைகாலுமாக வந்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன். நல்ல சித்த மருத்துவர் என்ன மருந்து என்று எழுதிக் கொடுப்பார். எழுதித் தர மறுத்தால் வாங்காதீர்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால், இதைப் படித்துவிட்டு இன்றே குப்பையில் போடவும் வேண்டாம். காரணம் மேலே, "நானே நிறுத்திட்டேன்" கேள்வியில் இருக்கிறது. பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள்.

"எப்பவோ டிபி வந்து சரியாச்சு. சொல்லணுமா?"

கட்டாயம். தினம் 15 மில்லிகிராமுக்கு மேல் ஒரு மாதம் போனால் உறங்கும் டிபி விழிக்கலாம். ஹெபடைடிஸ் பியும் அப்படியே. மண்ணில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு வரும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற குடல் புழு, ஸ்டீராய்டு போடும்போது உடம்பு முழுக்கப் பரவக்கூடும். வயலில் வேலை என்றால் அதையும் சொல்லுங்கள். 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ இரண்டு வாரம் போட்டவர்கள் உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகளைத் தள்ளிப்போட வேண்டும். மற்ற ஊசிகளுக்குத் தடையில்லை.

இதில் ஒரு விசித்திரம். மூளைக்காய்ச்சலாக வரும் டிபியில், டிபி மருந்தோடு சேர்த்து டெக்ஸாமெத்தசோன் கொடுத்தால் உயிர் பிழைக்கிறார்கள். வியட்நாமில் 545 பேரிடம் நடந்து 2004இல் வந்த ஆய்வில் இறப்பு 41.3 சதவீதத்திலிருந்து 31.8 ஆகக் குறைந்தது. கிருமியைக் கொல்லும் மருந்து கூடவே இருப்பதும், அழற்சியே மூளையை அழிப்பதும்தான் காரணம். தலைக்காயத்தில் கொன்ற மருந்துக் குடும்பம் இங்கே காப்பாற்றுகிறது.

"மாசமா இருக்கேன். லூபஸுக்கு இதைப் போடலாமா?"

டாக்டர் சொன்னால் போடலாம். பிரெட்னிசோலோனில் பெரும்பகுதியை நஞ்சுக்கொடி செயலிழக்க வைத்துவிடும், குழந்தைக்குக் கொஞ்சம்தான் போகும். டெக்ஸாவும் பீட்டாவும் தடையில்லாமல் கடக்கும். குறைப்பிரசவம் ஆகும் என்று தெரிந்தால் குழந்தையின் நுரையீரல் முதிர அவற்றைத்தான் வேண்டுமென்றே அம்மாவுக்குப் போடுகிறார்கள். நியூசிலாந்தில் லிகின்ஸும் ஹவியும் 1972இல் காட்டிய வழி அது. கர்ப்ப காலத்தில் பிபியும் சர்க்கரையும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

"இதுக்கு மாத்தே இல்லையா?"

உண்டு, வருடா வருடம் கூடுகிறது. மெத்தோட்ரெக்சேட், அசதயோப்ரின் போன்றவை மெதுவாக வேலை செய்யும். அவை பிடிக்கும்வரை ஸ்டீராய்டு பாலம். புதிய ஊசிகள் இன்னும் மாற்றியிருக்கின்றன. நெற்றிப்பொட்டு ரத்தக் குழாய் வீங்கிக் கண்பார்வைக்கே ஆபத்தாகும் நோய் ஒன்று முதியவர்களுக்கு வரும். அதற்கு டோசிலிசுமாப் ஊசியோடு 26 வாரத்தில் ஸ்டீராய்டை முடித்தவர்களில் 56 சதவீதம் பேர் ஒரு வருடம் நோயில்லாமல் இருந்தார்கள். ஸ்டீராய்டை மட்டும் அதே வேகத்தில் குறைத்தவர்களில் 14 சதவீதம். 2017இல் வந்தது. சிறுநீரகத்தையும் நுரையீரலையும் தாக்கும் ரத்தநாள அழற்சியில் 704 பேரைப் பார்த்த 'பெக்ஸிவாஸ்' 2020இல் சொன்னது இன்னும் எளிது: வழக்கமான அளவில் ஏறக்குறைய பாதி கொடுத்தாலும் காப்பாற்றுவது குறையவில்லை, கடுமையான தொற்று குறைந்தது. விலை இன்னும் பலருக்கு எட்டாதது. அரசு காப்பீட்டில் எது வரும் என்று மருத்துவமனையிலேயே கேளுங்கள்.

"அடுத்த வாரம் ஆபரேஷன். ஸ்டீராய்டு போடறேன்னு சொன்னா பண்ண மாட்டாங்களோ?"

பண்ணுவார்கள். சொல்லாவிட்டால்தான் ஆபத்து. அறுவை சிகிச்சை, பெரிய காயம், கடும் காய்ச்சல் நேரத்தில் உடம்பு கார்ட்டிசாலைப் பல மடங்கு கூட்டும். உறங்கும் சுரப்பியால் அது முடியாது. தெரிந்திருந்தால் மயக்க மருத்துவர் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டுப் பார்த்துக்கொள்வார். பல் பிடுங்குவது போன்ற சின்ன வேலைக்கு அன்றாட மாத்திரையே பெரும்பாலும் போதும், ஆனாலும் பல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கடந்த ஒரு வருடத்துக்குள் நிறுத்தியிருந்தாலும் சொல்லுங்கள். வாந்தியில் மாத்திரை தங்கவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, டாக்டரின் போன் நம்பர். இந்த நான்கையும் ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். திருவிழாவுக்குப் போன அந்த அம்மா இப்போது போன் கவருக்குள் அதை மடித்து வைத்திருக்கிறார். போன மாதம் அளவு 5லிருந்து 4 ஆனபோது, பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதை எழுதித் தரச் சொல்லி என்னிடம் நீட்டினார்.